ஒரு முக்கோணம், ஒரு புள்ளி, இரண்டு எண்கள்

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "கனடாவில் க்ரீ மொழிக்காரர்கள் எழுதும் எழுத்தில் உயிர் மாறினால் எழுத்தே திரும்பி நின்றுகொள்ளும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: க்ரீ எழுத்துகளை இங்கே அப்படியே போட்டுக் காட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் நம் பக்கங்களுக்குப் பயன்படுத்தும் எழுத்துருவில் அவை இல்லை, போட்டால் வரிசையாக வெறும் கட்டங்கள்தான் வரும் (அந்தக் கட்டத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார்). அதனால் வாயாலேயே வரைகிறேன். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டால் நல்லது.

கேள்வி: எழுத்து திரும்பி நிற்கும் என்றால் எப்படி? இதை யார் கண்டுபிடித்தது?

பதில்: ஒரு சின்ன முக்கோணம் வரையுங்கள். முனை மேலே பார்த்தால் அது 'இ'. கீழே பார்த்தால் 'ஏ'. வலப்பக்கம் பார்த்தால் 'ஒ', இடப்பக்கம் பார்த்தால் 'அ'. இப்போது முக்கோணத்தின் அடிக்கோட்டை அழித்துவிடுங்கள், வெறும் கோணம் மிஞ்சும், அதுதான் 'ப'வின் உருவம். அதே நான்கு திசை: மேலே 'பி', கீழே 'பே', வலம் 'பொ', இடம் 'ப'. இப்படி ஒன்பது உருவம், நான்கு திசை, சமவெளி க்ரீ என்ற கிளைமொழியின் அடிப்படை முடிந்தது. நெடில் வேண்டுமா, தலையில் ஒரு புள்ளி. வகரம் சேர வேண்டுமா, பக்கத்தில் ஒரு புள்ளி. ஒற்று வேண்டுமா, மேலே தூக்கிப் போட்ட ஒரு குட்டிக் கோடோ வளைவோ. நமக்குப் புள்ளி வைத்தால் ஒற்று, அவர்களுக்குப் புள்ளி வைத்தால் நெடில். இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் தலை சுற்றியது.

யார் கண்டுபிடித்தது என்பதற்கு இரண்டு பதில் இருக்கிறது. அச்சு ஆவணங்கள் சொல்வது ஜேம்ஸ் எவன்ஸ் என்ற வெஸ்லியன் பாதிரியார், இடம் இன்றைய மனிடோபாவில் வினிபெக் ஏரியின் வடகோடிக்கு அருகே இருக்கும் நார்வே ஹவுஸ், ஆண்டு 1840. அச்சு வார்க்க ஈயம் கிடைக்காமல், தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்து, பிர்ச் மரப்பட்டையிலும் எழுதி, துதிப்பாடல்களை அச்சடித்தார் என்பது பலரும் சொல்லும் கதை. க்ரீ மக்களின் மரபோ வேறு சொல்கிறது: மிஸ்தனாஸ்கோவேவ் என்ற பெரியவர் இறந்து ஆவியுலகம் போய், அங்கிருந்து இந்த எழுத்துகளைப் பெற்றுக்கொண்டு உயிரோடு திரும்பி வந்து தன் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று. இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இது இல்லை. பள்ளிக்கூடம் வைத்து நடத்தாமலேயே ஒருவரிடமிருந்து ஒருவராகக் கற்று, ஒரு தலைமுறைக்குள் வேட்டைக்குப் போகிறவர்கள்கூட மரப்பட்டையில் சேதி எழுதி வைத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பரவிவிட்டது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

கேள்வி: ஐயா, கனடாவில் இருக்கும் ஓர் ஆய்வாளருக்காக க்ரீச் சொற்பட்டியல் ஒன்றை ஒழுங்குபடுத்தும் வேலை எடுத்திருக்கிறேன். எனக்கு மொழி தெரியாது, நிரல் மட்டும் தெரியும். 'நேஹியவக்' (க்ரீ மக்கள் என்று பொருளாம்) என்ற சொல் பட்டியலில் மூன்று இடத்தில் இருக்கிறது. இரண்டு அச்சு அசல் ஒன்றுபோல் தெரிகின்றன, ஒன்றில் மட்டும் புள்ளி இடம் மாறி இருக்கிறது. தேடினால் ஒன்றே ஒன்றுதான் சிக்குகிறது. கணினிக்குக் கண் தெரியவில்லையா?

பதில்: கணினிக்குக் கண்ணே கிடையாதே! அதற்குத் தெரிந்ததெல்லாம் எண். உங்கள் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். நே, ஹ் என்ற ஒற்று, இ, ய, வ, க் என்ற ஒற்று. ஆறு எழுத்து. யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் ஆளுக்கோர் எண் தரும் பொதுத் தரம்) இவற்றின் எண்கள் வரிசையாக 5312, 5158, 5123, 5421, 5144, 5152. (யூனிகோடு அட்டவணையில் இவற்றைப் பதினாறடிமானத்தில் போட்டிருப்பார்கள், 5144 அங்கே 1418 என்று இருக்கும். நான் நமக்குப் பழகிய பத்தடிமானத்திலேயே சொல்கிறேன்.)

கோளாறு ஐந்தாவது எழுத்தில், அந்த 'வ'வில்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். 'வ' என்பது இடப்பக்கம் பார்க்கும் முக்கோணம், அதாவது 'அ', அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இந்தப் புள்ளி எந்தப் பக்கம் என்பதில் க்ரீ உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஆல்பர்டா, சஸ்காச்சுவன் பக்கம் இருக்கும் மேற்கத்தியர் புள்ளியை எழுத்துக்கு வலது பக்கம் வைப்பார்கள். கியூபெக்கில் ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டி இருக்கும் கிழக்கத்தியர் இடது பக்கம் வைப்பார்கள். வரைபடத்தில் மேற்கு இடது, கிழக்கு வலது. புள்ளியில் நேர் தலைகீழ். இதை வைத்தே நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

யூனிகோடு இந்த இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறது. இடது புள்ளி 'வ' 5143, வலது புள்ளி 'வ' 5144. இரண்டாவதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'மேற்கு க்ரீ' என்று இருக்கும். இதுவரை சரி, உங்கள் பட்டியலில் புள்ளி இடம் மாறியது இதனால்தான், யாரோ கிழக்கத்திய விசைப்பலகையில் அடித்திருக்கிறார்கள் அல்லது திரையில் வரும் எழுத்து அட்டவணையிலிருந்து சுட்டிப் பொறுக்கும்போது முதலில் கண்ணில் பட்டதை எடுத்திருக்கிறார்கள்.

ஒன்றுபோல் தெரியும் இரண்டுதான் பெரிய தலைவலி. அதே யூனிகோடு அட்டவணையில் 5159 என்ற எண்ணில் ஒரு தனிப் புள்ளியும் இருக்கிறது, உயரத்தில் நடுவாக நிற்கும் புள்ளி. ஒருவர் 5130 ('அ' முக்கோணம்) அடித்து, அடுத்து 5159 அடித்தால் திரையில் வருவது 5144 மாதிரியே இருக்கும். எழுத்துரு நன்றாக அமைந்துவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோப்புக்குள் போய்ப் பாருங்கள்: முதலாவது யூடிஎஃப்-8 முறையில் (யூனிகோடு எண்ணைக் கோப்பில் எழுதிவைக்கும் ஒரு முறை) மூன்று பைட், 225, 144, 152. இரண்டாவது ஆறு பைட், 225, 144, 138, அப்புறம் 225, 144, 167. முழுச் சொல்லும் ஒன்றில் 18 பைட், மற்றொன்றில் 21. தேடுபொறி பைட்டைத்தான் ஒப்பிடுகிறது, அதன் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு சொல், அவ்வளவுதான்.

"நார்மலைசேஷன் ஓட்டினால் சரியாகிவிடாதா?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். (ஒரே எழுத்தைப் பல விதமாக அடித்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே விதமாக்கும் வேலைக்கு அந்தப் பெயர்.) தமிழில் 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் அடிக்கலாம், எகரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் அடிக்கலாம், இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடே எழுதி வைத்திருப்பதால் நார்மலைசேஷன் அவற்றை ஒன்றாக்கிவிடும். க்ரீக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. 5144 என்பது 5130-உம் 5159-உம் சேர்ந்தது என்று எங்கேயும் இல்லை. இனிமேல் சேர்க்கவும் முடியாது, ஏற்கெனவே குடியேறிவிட்ட எழுத்துகளின் பிரிப்பு விதியை மாற்றுவதில்லை என்று யூனிகோடு கொள்கையாகவே வைத்திருக்கிறது. அந்தக் கொள்கை நல்லதுதான், இல்லாவிட்டால் உலகத்தில் இருக்கும் பழைய கோப்புகள் எல்லாம் ஒரே இரவில் நடுத்தெருவுக்கு வந்துவிடும், ஆனால் இந்த இடத்தில் வலிக்கிறது.

ஆக, வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும். உள்ளே வரும் உரையில் ஓர் எழுத்தைத் தொடர்ந்து 5159 வந்தால் இரண்டையும் தூக்கிவிட்டு அதற்குரிய ஒற்றை எழுத்தைப் போடுங்கள். அவசரப்பட்டு எல்லாக் கோப்புக்கும் ஒரே அடியாக இதை ஓட்டிவிடாதீர்கள், அதில் ஒரு குழி இருக்கிறது. கிழக்கத்தியர் ஒருவர் இதே குறுக்குவழியில் அடித்திருந்தால் புள்ளியை முக்கோணத்துக்கு முன்னால் அடித்திருப்பார். அப்போது உங்கள் சொல்லில் 'ய', புள்ளி, 'அ' என்று வரிசை வரும். கிழக்கத்தியர் கண்ணுக்கு அந்தப் புள்ளி பின்னால் வரும் 'அ'வுக்குச் சொந்தம், 'யவ' என்று படிப்பார். மேற்கத்தியர் கண்ணுக்கு அது முன்னால் இருக்கும் 'ய'வுக்குச் சொந்தம், 'ய்வஅ' என்று வாய்க்குள் நுழையாத ஒன்றைப் படிப்பார். உங்கள் நிரல் எந்தப் பக்கம் சாயும்? கோப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சொல்லவே முடியாது. அதனால் முதல் வேலை, ஒவ்வொரு கோப்புக்கும் அது எந்த ஊர், எந்தக் கிளைமொழி என்று ஆய்வாளரிடமே கேட்டுக் குறித்துக்கொள்வது. நிரல் அப்புறம்.

இன்னொன்று, இடது புள்ளி 'வ' எல்லாவற்றையும் வலது புள்ளியாக மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். மூலத்தைத் தொடாதீர்கள். தேடுவதற்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டு அதில் மாற்றுங்கள். கிழக்கத்தியர் எழுதியதை மேற்கத்தியர் எழுத்தாக மாற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தால் அவர் முகம் சுளிப்பார், நியாயம்தான்.

கேள்வி: க்ரீ மொழிக்கு ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்திருக்கிறார்களாமே? நமக்கு மட்டும் ஏன் 'கி' என்பதைக் ககரமும் கொக்கியுமாகப் பிரித்து வைத்தார்கள்? இது ஓரவஞ்சனை இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள், இரண்டு பேர் கோபமாக. 'கி' என்று எழுதிவிட்டு உற்றுப் பாருங்கள். ககரம் அப்படியே முழுசாக நிற்கிறது, மேலே ஒரு கொக்கி ஒட்டியிருக்கிறது. ககரத்துக்கு 2965, கொக்கிக்கு 3007 என்று தனித்தனியாக எண் கொடுக்க முடிகிறது, ஏனென்றால் கொக்கி என்று ஒரு பொருள் இருக்கிறது, அதைக் கையில் எடுத்துக் காட்டலாம். இப்போது க்ரீயின் 'பி'யைப் பாருங்கள், மேலே பார்க்கும் கோணம். அதில் 'ப்' எங்கே, 'இ' எங்கே? கோடெல்லாம் 'ப்', பார்க்கும் திசை 'இ'. திசையைக் கத்தரித்து எடுத்து அதற்கு ஓர் எண் கொடுக்க முடியுமா? முடியாது என்றில்லை, 'முந்தைய எழுத்தைக் கால் சுற்று திருப்பு' என்று ஒரு கட்டளை எழுத்து வைத்திருக்கலாம், ஆனால் அப்புறம் எழுத்துரு செய்கிறவர் பாடு திண்டாட்டம். முழு எழுத்துக்கே எண் கொடுத்தது சரியான முடிவு என்பதுதான் என் கட்சி.

நெடில் புள்ளியும் வகரப் புள்ளியும் வேறு கதை, அவற்றைத் தனிக் குறியாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை, புள்ளியோடு சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் தனி எண். மேலே ஒருவர் மாட்டிக்கொண்டு முழிக்கும் சிக்கலுக்கு வேர் இதுதான்.

தமிழைப் பொறுத்தவரை, 1988-இல் வந்த இந்திய எழுத்துக் குறியீட்டுத் தரத்தைப் பின்பற்றி 128 இடம் கொண்ட தொகுதியில் உட்கார வைத்தார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வழக்கை இங்கே திறக்கப் போவதில்லை, திறந்தால் இதழ் முடியும் வரை மூட முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆளுக்கொரு நாற்காலி என்ற ஏற்பாட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது: நாற்காலி போடும்போது யார் பெயராவது விட்டுப்போனால் அவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். 1999-இல் க்ரீ உள்ளிட்ட கனடியப் பூர்வகுடி எழுத்துகளின் தொகுதி யூனிகோடு 3.0-இல் வந்தபோது, கனடாவின் வடகோடியில் நூனவுட்டில் இருக்கும் நாட்டிலிக் இனுயிட் மக்களின் மொழிக்குத் தேவையான சில எழுத்துகள் விட்டுப்போயின. அவை யூனிகோடு 14.0-இல் வந்து சேர்ந்தது 2021-இல். இருபத்திரண்டு வருடம்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, பட்டம் வாங்கும் காலம் முழுக்கத் தன் மொழியின் சில ஒலிகளைக் கைப்பேசியில் சரியாக அடிக்க முடியாமல் கழிந்திருக்கிறது.

கேள்வி: மொத்தம் எத்தனை எழுத்து?

பதில்: முதல் தொகுதியில் 640 இடம், 5120 முதல் 5759 வரை. 1999-இல் 630 நிரம்பியது, மிச்சம் பத்தும் 2009-இல். அதே ஆண்டில் இரண்டாவதாக ஒரு தொகுதி, 2021-இல் 16 இடத்தோடு ஒரு குட்டித் தொகுதி. எல்லாம் க்ரீக்கு மட்டும் இல்லை. ஒஜிப்வே, இனுக்டிட்டூட், நஸ்காபி, பிளாக்ஃபூட், கேரியர், டேனே மொழிகள் என்று ஒரு கூட்டுக் குடும்பமே அங்கே குடியிருக்கிறது.

கேள்வி: ஒரு புகைப்படத்தில் க்ரீ எழுத்தில் அமைந்த அறிவிப்புப் பலகை பார்த்தேன். சில வரிகளின் கடைசியில் இரண்டு சின்ன எக்ஸ் குறி பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. தணிக்கை செய்திருக்கிறார்களா?

பதில்: இல்லை சார், முதலாவது எழுத்து, இரண்டாவது முற்றுப்புள்ளி.

மேற்கு க்ரீயில் முற்றுப்புள்ளியே குட்டி எக்ஸ் மாதிரிதான் இருக்கும். சாதாரணப் புள்ளி வைத்தால் அது வகரப் புள்ளியோடு குழம்பும் இல்லையா? அதற்கு எண் 5742. இன்னொரு எக்ஸ், 'ஹ்க்' என்ற ஒற்றுக்கூட்டு, எண் 5501. அது ஏன் இத்தனை முறை வரி முடிவில் வருகிறது என்றால், நம் ஏழாம் வேற்றுமை 'இல்' மாதிரி இடத்தைச் சொல்லும் விகுதி க்ரீயில் 'இஹ்க்' என்று முடியும். எட்மன்டன் நகரத்துக்கு க்ரீப் பெயர் அமிஸ்க்வசீவாஸ்கஹிகன், 'பீவர் மலை வீடு' என்ற மாதிரிப் பொருள் (பீவர் என்பது ஆற்றில் அணை கட்டும் விலங்கு). 'எட்மன்டனில்' என்று சொல்ல அதன் வாலில் அந்த விகுதியை ஒட்டினால் போதும், எக்ஸ் வந்துவிடும். வாக்கியமும் அங்கேயே முடிந்தால் இரண்டாவது எக்ஸ்.

இந்த இடத்தில் தட்டச்சு செய்கிறவர்கள் வழுக்கி விழுவது சகஜம். ஏனென்றால் 5441-ஆம் எண்ணில் இன்னொரு எக்ஸ் இருக்கிறது, சயீசி டேனே மொழியின் 'யி'. 5741-இல் சற்றுப் பெரிய எக்ஸ், அது கிறிஸ்துவைக் குறிக்கும் சுருக்கக்குறி. இவை போதாதென்று ஆங்கில எக்ஸ் வேறு எல்லா விசைப்பலகையிலும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பலகைக்கு எழுதினால் எதைப் போட்டாலும் படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். அகராதிக்குள் போனால் ஐந்தும் ஐந்து சொல்.

கோடு விஷயத்திலும் இதே கூத்து. 'ச்' ஒற்று ஒரு குட்டிக் கிடைக்கோடு, எண் 5160. வரி உடையும் இடத்தில் சாதாரண இணைப்புக்கோடு போட்டால் 'ச்' என்று படித்துவிடுவார்கள். அதனால் சமக்குறி மாதிரி இரண்டு கோடாக ஒரு தனி இணைப்புக்குறி வைத்திருக்கிறார்கள். 1999-இல் அதை விட்டுவிட்டார்கள், 2009-இல்தான் சேர்த்தார்கள், அதுவும் தொகுதியின் முதல் இடமான 5120-இல். கடைசியாக வந்தவருக்கு முதல் வரிசை!

கேள்வி: என் மகன் இணைய விளையாட்டில் தன் பெயரை ஏதோ வளைந்த ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறான். அதைப் படியெடுத்துத் தேடினால் 'கனடியப் பூர்வகுடி எழுத்து' என்று வருகிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். 'அழகான எழுத்தில் பெயர்' என்று இணையத்தில் கிடைக்கும் கருவிகள் பாதி இந்தத் தொகுதியில் கை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஆங்கில 'ஏ' மாதிரி இருப்பது கேரியர் மொழி எழுத்து, 'சி' மாதிரி இருப்பது க்ரீயின் 'த'. தம்பி எழுதியிருப்பது அவன் பெயர் இல்லை, அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் படித்தால் வேறு என்னவோ வரும். பார்வையற்றவர்களுக்கு உரக்கப் படிக்கும் மென்பொருள் அந்தப் பெயரை மென்று துப்பும், அல்லது மௌனமாகத் தாண்டிப் போய்விடும். அதை மட்டும் அவனிடம் சொல்லி வையுங்கள்.

பெரியவர்களும் இந்த வேலை செய்திருக்கிறார்கள். கோ என்ற நிரல்மொழியில் 2022 வரை ஜெனரிக்ஸ் என்ற வசதி (ஒரே நிரலைப் பல வகைத் தரவுக்கும் பொதுவாக எழுதுவது, பல மொழிகளில் கோண அடைப்புக்குறி போட்டு எழுதுவார்கள்) கிடையாது. அப்போது ஒரு நிரலர் தன் வகைப் பெயர்களுக்கு நடுவில் கோண அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்ததைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள், அந்த மொழி பெயருக்குள் அடைப்புக்குறியை அனுமதிக்கவே அனுமதிக்காதே! உற்றுப் பார்த்தால் அது அடைப்புக்குறியே இல்லை. இடம் பார்க்கும் கோணமும் வலம் பார்க்கும் கோணமும், அதாவது முதல் பதிலில் நீங்கள் வரைந்த 'ப'வும் 'பொ'வும், 5176-உம் 5171-உம். யூனிகோடு கணக்கில் அவை குறி இல்லை, எழுத்து, ஆகவே பெயருக்குள் தாராளமாக வரலாம். குறும்புதான், ரசித்தேன். அதைப் பராமரிக்கப் போகிற அடுத்த நிரலர் ரசித்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

கேள்வி: எனக்கு எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

பதில்: எண் வந்து சேர்ந்துவிட்டது, அதற்குரிய உருவம் உங்கள் கருவியில் இல்லை, அவ்வளவுதான். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸில் யூஃபீமியா அல்லது கடுகி (நம் கடுகு இல்லை, செரோக்கி எழுத்தையும் தாங்கி வரும் எழுத்துரு) இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் நோட்டோ என்ற எழுத்துரு வரிசையில் கனடியப் பூர்வகுடி எழுத்துகளுக்கென்று ஒன்று இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: யூனிகோடு வருவதற்கு முன்னால் க்ரீக்காரர்கள் கணினியில் எப்படித்தான் எழுதினார்கள்?

பதில்: நாம் எழுதியது மாதிரியேதான். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் க்ரீ உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் பார்த்தால் க்ரீ, இல்லாத கணினியில் பார்த்தால் பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி ஆங்கிலக் கிறுக்கல். பழைய தமிழ் எழுத்துருவில் மின்னஞ்சல் அனுப்பி, "ஒன்றும் புரியவில்லை, எழுத்துருவையும் அனுப்பு" என்று பதில் வாங்கிய தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நானும் அந்தத் தலைமுறைதான், ஒரு முழு வருடக் கட்டுரைகளை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

கணினிக்கும் முந்தைய கருவி எழுத்தையே மாற்றிய கதையும் உண்டு, க்ரீயில் இல்லை, இதே எழுத்தைப் பயன்படுத்தும் இனுயிட்களிடம். 1976-இல் எழுத்தைச் சீரமைத்தபோது நான்கு திசையில் ஒன்றையே ('ஐ' வரிசை) கழற்றிவிட்டார்கள். தட்டச்சு இயந்திரத்தின் பந்தில் (எழுத்துகள் பொறித்த உருண்டை) அத்தனை எழுத்துக்கு இடம் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். கியூபெக்கின் நூனவிக் பகுதியில் அந்த வரிசை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தட்டச்சுப் பந்து போய்விட்டது, அது விட்ட ஓட்டை அப்படியே இருக்கிறது.

கேள்வி: என் மாமாவின் பிறந்தநாள் வாழ்த்தில் 'மாமா' என்று க்ரீ எழுத்தில் எழுதிக் கொடுத்து அசத்த ஆசை. சொல்லித் தருவீர்களா?

பதில்: தமிழ்ச் சொற்கள் பல அதில் அழகாக உட்காரும். அவர்களுக்கும் பகரம் ஒன்றுதான், அதன் வல்லோசை மெல்லோசைக்கெல்லாம் தனி எழுத்து கிடையாது, நம் வீட்டு வழக்கம் மாதிரியே. ரகர லகரம் மட்டும் சமவெளி க்ரீயில் இயல்பாக இல்லை, 'மாமா'வில் அந்தத் தொல்லையும் இல்லை. ஆங்கில 'எல்' மாதிரி ஒன்று வரையுங்கள், அது 'ம'. தலையில் ஒரு புள்ளி, 'மா'. இன்னொரு முறை அதையே. கைப்பேசியில் என்றால் 5291-ஐ இரண்டு முறை.

ஒரே ஒரு விஷயம். க்ரீ பேசும் வீடுகளில் 'நிமாமா' என்றால் 'என் அம்மா', 'நி' என்பது 'என்'. ஆகவே உங்கள் வாழ்த்தட்டையை அந்தப் பக்கத்துக்காரர் யாராவது பார்த்தால், மீசை வைத்த அம்மாவுக்கு யாரோ வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். மாமாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.